மேட்டில் ஏறும்போது டீசல் எங்கே போகிறது?

கேஜில் முள் கால் டேங்க் காட்டுகிறது. சமதரையில் பிக்கப் வண்டி ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. அதே வண்டி சுமையோடு மலைச்சாலையில் நின்று, மறுபடி புறப்படும்போது இன்ஜின் திணறி அணைந்துவிடுகிறது. டேங்கைத் தட்டினால் உள்ளே டீசல் சலசலக்கிறது. பதினைந்து லிட்டருக்கு மேல் எரிபொருளை வயிற்றில் வைத்துக்கொண்டே ஒரு வண்டி பட்டினியால் நிற்பது எப்படி?

தென்காசி வட்டாரத்தில் டீசல் வண்டி ஓட்டும் பலருக்கும் எழக்கூடிய கேள்வி இது. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றும் பிக்கப்கள் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு கணவாயைக் கடந்து கேரளத்துக்குப் போகின்றன. திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 இது. புளியரையைத் தாண்டியதும் எஸ் வளைவும் ஏற்றமும் தொடங்கிவிடுகின்றன. லாரிகள் வரிசைகட்டும் நாளில் ஏற்றத்திலேயே நின்று நின்றுதான் நகர வேண்டும். கால் டேங்க் புதிர் தலைகாட்டுவதற்கு இதைவிட வாகான இடம் கிடையாது.

விடை இன்ஜினில் இல்லை. டேங்கின் வடிவத்திலும், டீசலை உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. அந்த வாயை இடம் மாற்றுவதற்காக டேங்கின் அடியில் பொருத்தப்படும் ஒரு சிறு பாத்திரமே அடிக்கிண்ணம். பட்டறை வழக்கில் சொன்னால் ‘சம்ப்’.

குழாயின் வாய் எங்கே இருக்கிறது?

பெரும்பாலான பிக்கப்களில் டீசல் டேங்க் சேஸிஸின் பக்கவாட்டில் தொங்கும் ஒரு தட்டையான பெட்டி. அதன் மேல்மூடி வழியாக உறிஞ்சுகுழாய் ஒன்று உள்ளே இறங்குகிறது. குழாய் தரையைத் தொடுவதில்லை. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மேலேயே நின்றுவிடுகிறது. காரணம் இருக்கிறது. துரு, மண்துகள், நீர் ஆகிய மூன்றும் டீசலைவிடக் கனமானவை. மூன்றும் அடியில் போய்த்தான் படியும். வாய் தரையை ஒட்டியிருந்தால் முதல் மடக்கிலேயே அவை உள்ளே போய்விடும்.

இந்த இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. வாய்க்குக் கீழே இருக்கும் டீசலை வண்டியால் எடுக்கவே முடியாது. சமதரையில் இந்த இழப்பு சில லிட்டர்தான். வண்டி சாய்ந்தவுடன் கணக்கு மாறுகிறது. டீசலின் மேற்பரப்பு எப்போதும் பூமிக்குத்தான் மட்டமாக நிற்கும், டேங்குக்கு அல்ல. முன்பக்கம் உயர்ந்தால் டீசல் முழுவதும் பின்பக்கம் ஒதுங்கும். குழாயின் வாய் முன்பக்கம் இருந்தால், அது காற்றில் தொங்கும்.

வேகம் கூடுவதும் மேட்டில் ஏறுவதும் டீசலுக்கு ஒன்றுதான். வண்டி முன்னே பாயும்போது டீசல் பின்னே தள்ளப்படுகிறது, மேற்பரப்பு சாய்கிறது. பிரேக் பிடித்தால் முன்னே ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. மலைச்சாலையில் இந்த விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

ஒரு டேங்கை அளந்து பார்த்தல்

கணக்குக்கு எளிய டேங்க் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 80 சென்டிமீட்டர், அகலம் 40, உயரம் 20. கொள்ளளவு 64 லிட்டர். உறிஞ்சுகுழாய் முன்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறது. அதன் வாய் தரைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது.

முதலில் சமதரை. ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு டேங்கில் நிற்கும் டீசல் 4.8 லிட்டர். அவ்வளவுதான் எட்டாதது.

அடுத்து ஏற்றம். மலைப்பகுதிச் சாலைகளின் சரிவு சாதாரணமாக நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் ஏழு வரை போகலாம் என்பது இந்திய சாலைப் பேரவையின் அளவுகோல். நூற்றுக்கு ஏழு என்றால் நூறு மீட்டர் தூரத்தில் ஏழு மீட்டர் உயர்வு. அந்தச் சரிவில் 80 சென்டிமீட்டர் டேங்கின் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே டீசலின் ஆழம் 5.6 சென்டிமீட்டர் வேறுபடும். குழாய் நிற்கும் இடம் டேங்கின் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னே. அங்கே ஆழம் 2.1 சென்டிமீட்டர் குறைகிறது. ஆகவே வாய் மூழ்கியிருக்க வேண்டுமானால், சமதரையில் குறைந்தது 3.6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு டீசல் இருந்திருக்க வேண்டும். அது 11.5 லிட்டர்.

இனி அதே ஏற்றத்தில் நின்ற வண்டி புறப்படுகிறது. கிளட்சை விட்டு வேகமெடுக்கும் அந்தச் சில விநாடிகளில் டீசல் பின்னே தள்ளப்படுவது, சரிவு இன்னும் ஐந்து விழுக்காடு கூடியதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தச் சாய்வு நூற்றுக்குப் பன்னிரண்டு. இப்போது தேவைப்படும் ஆழம் 5.1 சென்டிமீட்டர். லிட்டரில் சொன்னால் 16.3.

64 லிட்டரில் கால் பங்கு 16 லிட்டர். கேஜ் முள் கால் டேங்க் காட்டும்போதே குழாயின் வாய் காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடுகிறது. முள் காட்டியது பொய்யல்ல, டேங்கில் டீசல் இருப்பதும் உண்மை. குழாய் இருக்கும் இடத்தில்தான் டீசல் இல்லை.

பல வண்டிகளில் டேங்குக்குள் தடுப்புத் தகடுகளும், குழாயின் வாயைச் சுற்றி ஒரு சிறு கிண்ணமும் கம்பெனியிலேயே அமைக்கப்படுகின்றன. அவை டீசல் ஒரேயடியாக ஒதுங்குவதைத் தாமதப்படுத்தும். பழைய வண்டிகளிலும், பின்னால் மாற்றிப் பொருத்திய டேங்குகளிலும் இந்தக் காப்பு இல்லாமல் போகலாம். குழாயின் நுனி விரிசல் விட்டாலோ உடைந்தாலோ, இருந்த காப்பும் பயனற்றுப் போகும்.

காற்று புகுந்தால் என்ன ஆகிறது?

பெட்ரோல் தீர்ந்து நின்ற பைக்கில் ஒரு லிட்டர் ஊற்றினால் ஓடிவிடும். டீசல் வண்டி அப்படியல்ல. ‘ஏர் பிடித்துவிட்டது’ என்று மெக்கானிக் சொல்வார். பில்டர் மேலுள்ள கைப்பம்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே வண்டி உயிர்பெறும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறிக்கு வேலையில்லை. சிலிண்டரில் காற்று நெருக்கப்பட்டுச் சூடேறியிருக்கும் கணத்தில், டீசலை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டும். இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் இந்த அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 1,600 மடங்குக்கும் மேல் போகிறது. திரவத்தை நெருக்குவது கடினம் என்பதால் பம்ப் தள்ளிய தள்ளு அப்படியே இன்ஜெக்டருக்குப் போய்ச் சேருகிறது. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அந்தத் தள்ளு முழுவதும் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். அழுத்தம் ஏறாது, டீசல் பீய்ச்சாது.

இன்னொரு கேடும் உண்டு. பம்பின் உள்ளே உரசும் பாகங்களுக்கு டீசலே மசகு எண்ணெய். காற்று கலந்த டீசலில் அந்தப் படலம் அறுபடுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைவதால், சேர்மானம் கலந்து ஈடுகட்டுகிறார்கள். ஏற்கெனவே அளவோடு இருக்கும் அந்தப் பாதுகாப்பை காற்றும் நீரும் மேலும் அரிக்கின்றன.

அடிக்கிண்ணம் செய்யும் வேலை

கோடையில் கிணற்று நீர் தரைமட்டத்துக்கு இறங்கிவிட்டால், விவசாயி கிணற்றின் நடுவே ஒரு பள்ளம் தோண்டி மோட்டாரின் புட்வால்வை அதற்குள் இறக்குவார். எஞ்சிய நீர் நாலாபக்கமிருந்தும் அந்தப் பள்ளத்துக்கு வரும். வால்வு காற்றைக் குடிக்காது. அடிக்கிண்ணத்தின் தத்துவமும் இதுதான். டேங்கின் தரையில் வட்டமாக ஒரு துளையிட்டு, அதன் கீழே கிண்ணம் ஒன்றை இறுக்குகிறார்கள். இன்ஜினுக்குப் போகும் குழாய் அந்தக் கிண்ணத்திலிருந்து கிளம்புகிறது.

மேலே கண்ட டேங்கிலேயே இதைப் பொருத்திப் பார்க்கலாம். கிண்ணத்தின் குறுக்களவு 15 சென்டிமீட்டர், ஆழம் 6. கொள்ளளவு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். டேங்கின் சரிநடுவில் அது அமைகிறது. சமதரையில் டேங்கின் தரையிலுள்ள டீசல் ஏறக்குறைய முழுவதும் கிண்ணத்துக்கு வடிந்துவிடும். நூற்றுக்கு ஏழு சரிவில் பின்பக்க மூலையில் ஆப்பு வடிவில் ஒதுங்கி எட்டாமல் போவது 2.2 லிட்டர் மட்டுமே. பழைய அமைப்பில் அது 11.5. ஏற்றத்தில் புறப்படும் கடினமான கணத்தில்கூட 16.3 லிட்டர் என்பது 3.8 லிட்டராகச் சுருங்குகிறது.

அந்தக் கணத்தில் கிண்ணத்தின் வாய் வெளிப்பட்டாலும் உடனே ஆபத்தில்லை. வெளியேறும் குழாயின் வாய் கிண்ணத்தின் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே இருந்தால், அதற்கு மேல் சுமார் 700 மில்லிலிட்டர் டீசல் கையிருப்பாக நிற்கும். பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் இழுத்தாலும் அது நாற்பது விநாடிக்குப் போதும். ஒரு கொண்டை ஊசி வளைவைக் கடந்துவிட அந்த நேரம் போதுமானது.

எட்டும் டீசல் ஏற்றத்தில் ஒன்பது லிட்டருக்கு மேல் கூடுகிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு அது நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம். ஏறத்தாழ தென்காசிக்கும் கொல்லத்துக்கும் உள்ள தூரம்.

மெக்கானிக்குகளுக்குப் புரியும் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மேல்மூடி வழியாக உறிஞ்சும் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் சொட்டுகூட வெளியே கசியாது. உறிஞ்சும் வேகத்தில் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். இரவு முழுவதும் நிற்கும்போது குழாயிலிருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஓட்டையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். கிண்ணத்திலிருந்து கிளம்பும் குழாய், டேங்கிலுள்ள டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் தூரம் வரை எப்போதும் நிறைந்தே இருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டும். பழுது தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும்.

சாரல் காலமும் டேங்கு நீரும்

குற்றால சீசன் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக ஈரத்தையும் சாரலையும் அள்ளிவரும் மாதங்கள் அவை. டேங்கில் நீர் சேருவதற்கு அந்த ஈரக்காற்றே காரணம் என்று சொல்வதுண்டு. அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

டீசல் செலவாகச் செலவாக, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று டேங்குக்குள் வருகிறது. ஒரு நாளில் 32 லிட்டர் டீசல் செலவானால் 32 லிட்டர் காற்று நுழைந்திருக்கும். 30 பாகை வெப்பத்தில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவியைத் தாங்கும். இரவில் 23 பாகைக்குக் குளிர்ந்தால் 20.6 கிராமைத்தான் தாங்க முடியும். மிச்சம் டேங்கின் சுவரில் வியர்வையாகப் படியும். 32 லிட்டர் காற்றிலிருந்து இப்படி இறங்கும் நீர் 0.3 கிராம், ஐந்தாறு துளிகள். தொண்ணூறு நாள் சீசன் முழுவதும் தினமும் இப்படியே நடந்தாலும் சேருவது 27 கிராம்.

ஆக, காற்றின் ஈரம் கொண்டுவருவது சிறு அளவுதான். கோப்பைக் கணக்கில் நீர் சேர்ந்திருந்தால் வேறு வழி தேட வேண்டும்: ரப்பர் வாஷர் காய்ந்துபோன டேங்க் மூடி, கொட்டும் மழையில் மூடியைத் திறந்து டீசல் நிரப்பியது, வெளியில் கிடந்த பேரலிலிருந்து ஊற்றியது. பெட்ரோல் பங்குகளில் நிலத்தடித் தொட்டிக்குள் அளவுகோலை இறக்கும்போது அதன் நுனியில் நீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவுகிறார்கள். நீர் புகுவது அங்கேயும் ஒரு தொடர் கவலை என்பதற்கு அந்தப் பசையே சாட்சி.

சிறு அளவு நீரையும் அலட்சியப்படுத்த முடியாது. நீரும் டீசலும் சந்திக்கும் விளிம்பில் கிருமிகளும் பூஞ்சையும் வளர்கின்றன. டீசலை உண்டு, நீரில் வாழ்ந்து, வழுவழுப்பான கரும்பழுப்புச் சகதியாகப் படர்ந்து பில்டரை அடைப்பவை அவை. இரும்பு டேங்காக இருந்தால் துருவும் சேரும். சில மைக்ரான் இடைவெளியில் இயங்கும் இன்ஜெக்டருக்குள் நீர் போனால், உரசும் பரப்புகள் வெகுசீக்கிரம் தேயும்.

கிண்ணத்தின் இரண்டாவது பயன் இங்கேதான் தெரிகிறது. அதே 27 கிராம் நீர் டேங்கின் தட்டையான தரையில் பரவினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதைத் திரட்டி எடுக்க வழியில்லை. கிண்ணத்தில் வடிந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். வடிகால் போல்ட்டைத் தளர்த்தினால் முதலில் வருவது அதுதான்.

நீர் படிய எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 830 கிராம். வேறுபாடு சிறிதென்பதால் நீர்த்துளி டீசலில் மெல்லத்தான் இறங்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளி 20 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஒன்பது நிமிடம் பிடிக்கும். துளியின் அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் நூறில் ஒன்றாகக் குறைகிறது. அதற்குப் பதினைந்து மணி நேரம் வேண்டும்.

வண்டி ஓடும்போது எல்லாம் கலங்கிக் கிடக்கும். இரவு முழுவதும் நின்ற பிறகுதான் பெரும்பகுதி நீர் அடியில் இறங்கியிருக்கும். ஆகவே நீரை வடிக்கச் சரியான நேரம் அதிகாலை, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன். கண்ணாடிப் பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் நீர் அடியில் தனிப் படலமாகத் தெரியும். டீசல் மட்டும் வரும்வரை வடித்துவிட்டு போல்ட்டை இறுக்க வேண்டும். சிறு விமானங்களில் ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் டேங்கின் அடியிலிருந்து எரிபொருளை வடித்து நீர் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயப் பழக்கம், அடிப்படை ஒன்றே.

வடிக்காமல் விடப்படும் கிண்ணம் நன்மையைவிடத் தீமையே செய்யும். டேங்கின் மிகத் தாழ்ந்த இடம் டீசலைப் போலவே நீரையும் வரவேற்கிறது. பழைய உறிஞ்சுகுழாய் தரையிலிருந்து உயர்ந்து நின்றதால் விலகியிருந்த நீர், இப்போது இன்ஜினுக்குப் போகும் பாதையின் வாசலிலேயே வந்து நிற்கிறது. மேற்கண்ட கிண்ணத்தில் வெளியேறும் குழாய்க்குக் கீழே 350 மில்லிலிட்டர் வரை நீர் தங்கலாம். அதைத் தாண்டினால் நேரே பில்டருக்குத்தான். வெளியேறும் குழாய் கிண்ணத்தின் அடியிலேயே அமைந்த வடிவம் இந்தக் காரணத்தால் ஏற்றதல்ல. பில்டரிலுள்ள நீர்பிரிப்பானும் டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்கும் கடைசிக் காவல். கிண்ணம் வந்துவிட்டதென்று அவற்றைக் கழற்றிவிடக் கூடாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் பெரிய டீசல் பிக்கப்களுக்கான அடிக்கிண்ணங்கள் தனி உதிரிப்பாகமாகவே விற்கின்றன. எங்கே செய்தாலும் சில விதிகள் பொது.

முதலாவது, நெருப்பு. டேங்கில் கேஸ் கட்டிங், வெல்டிங் எதுவும் கூடாது. இந்தியத் தர அளவுப்படி டீசலின் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பம் 35 பாகை அளவுக்குக் குறைவாகவும் இருக்கலாம். காலியான டேங்கில் மிஞ்சிய ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. டேங்கை முழுக்க வடித்துக் கழற்றி, வட்ட ரம்பத்தால் மெதுவான வேகத்தில் துளையிட்டு, கிண்ணத்தை போல்ட்டால் இறுக்குவதே முறை. துளையிட்டபின் உள்ளே விழுந்த இரும்புத் துகளோ பிளாஸ்டிக் சீவலோ ஒன்றுகூட மிஞ்சாமல் துடைத்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, சீல். சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் போன்ற எண்ணெய் தாங்கும் ரப்பரே நிலைக்கும்.

மூன்றாவது, இடம். கிண்ணம் பின்சுவரை ஒட்டியிருந்தால் ஏற்றத்தில் நன்றாக வேலை செய்யும். இறக்கத்தில் அதே பழைய புதிர் தலைகீழாகத் திரும்பும். நடுவே இருப்பது இரண்டுக்கும் பொது.

நான்காவது, உயரம். டேங்கின் அடியில் ஆறு சென்டிமீட்டர் தொங்கும் பொருள் கல்லிலோ வரப்பிலோ இடித்தால் டீசல் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். சேஸிஸின் அடிமட்டத்துக்கு மேலேயே அது நிற்க வேண்டும். முன்னால் ஒரு காப்புத் தகடும் வேண்டும். அந்த உயரம் கிடைக்காத வண்டியில் கிண்ணத்தைப் பொருத்தாமல் விடுவதே பாதுகாப்பு.

ஐந்தாவது, சட்டம். வண்டியின் அமைப்பில் செய்யும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. உத்தரவாதக் காலத்திலுள்ள புது வண்டியில் டேங்கைத் துளைத்தால், பின்னால் பம்போ இன்ஜெக்டரோ பழுதாகும்போது உத்தரவாதம் மறுக்கப்படலாம்.

எந்த வண்டிக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு அடிக்கிண்ணத்தால் பெரிய பயனில்லை. மலையேறும் வண்டியிலும் முதலில் செய்ய வேண்டியவை எளியவை: கேஜ் பாதிக்குக் கீழே இறங்கும் முன் டீசல் நிரப்புவது, டேங்க் மூடியின் வாஷரை மாற்றுவது, உறிஞ்சுகுழாயின் நுனியையும் ஓஸ் இணைப்புகளையும் சோதிப்பது. மேலே கண்ட டேங்கில் பாதியளவு என்பது பத்து சென்டிமீட்டர் ஆழம். கணக்கில் வந்த எந்தச் சாய்விலும் அங்கே வாய் வெளிப்படாது.

இவற்றுக்குப் பிறகும் ஏற்றத்தில் திணறுகிற பழைய வண்டிக்கும், நெடுந்தூரம் டீசல் நிரப்ப வழியின்றி மலையில் ஓட வேண்டிய வண்டிக்கும் அடிக்கிண்ணம் பொருத்தமான தீர்வு. அதைப் பொருத்துபவர், காலையில் நீரை வடிக்கும் பழக்கத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் டேங்கிலுள்ள டீசல் ஏற்றத்திலும் இறக்கத்திலும் இன்ஜினுக்குத் தூய்மையாகப் போய்ச் சேரும்.